ஆளில்லாத பலகை

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண் என்றால் எத்தனை இலக்கம் இருந்தாலும் படித்துவிடுவேன், அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. இங்கிலீஷ் தெரியாது. நான் எழுதப்போவது கம்ப்யூட்டர் விஷயம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். கரண்ட் கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளைக் கப்பு ஒன்று உட்கார்ந்திருக்குமே, அது சூளைக்குப் போகுமுன் ஓரங்களில் பிசிறோடு இருக்கும். அந்தப் பிசிறைச் சின்னக் கத்தியால் வழித்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து விடுவது என் வேலை. நான் துடைத்த கப்புகள் எந்தெந்த ஊர்க் கம்பங்களில் இருக்கின்றனவோ. இதுவரை எதுவும் கீழே விழுந்ததாகத் தகவல் இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது என் மகனும் மருமகளும் சென்னையில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. யாராவது ஒருவர் வந்துதான் ஆக வேண்டும் என்று பேசி, மருமகள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். மகன் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். எலும்பு என்னுடையது, வேலை போனது அவளுக்கு.

எலும்பு ஒரு வருஷத்தில் கூடிவிட்டது. வேலை கூடவில்லை. எங்கே கேட்டாலும், நடுவில் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வருமாம். மாமியாரைக் குளிப்பாட்டினேன் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் வேலை தெரியாதவள் சொல்வதுபோலவே இருக்கிறது என்பாள். ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் மூடியின் மேல் தூசி படிந்தது. நானே இரண்டு தரம் துடைத்திருக்கிறேன்.

போன வருஷம் புரட்டாசியில் சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டது. நடுவில் என்ன செய்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலையைக் கொடுத்து, இதை எழுதி, இன்ன நாள் காலை பத்தரை மணிக்கு எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டு என்றார்கள். அந்த நாள் விஜயதசமி. சிங்கப்பூர்க்காரர்கள் நாள் பார்த்து வைக்கவில்லை, தானாக அமைந்தது.

ஓட்டிக் காட்டினால் போதாது, விளக்கியும் சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக என்னிடமும் பால்காரரிடமும் மட்டுமே பேசியதால் அவளுக்குத் தொழில் பேச்சு நாக்கில் வரவில்லை. முதலில் தமிழில் சொல்லிப் பழகி, பிறகு இங்கிலீஷுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள். கேட்க ஆள் வேண்டும். வீட்டில் இருந்தது நான். மொச்சை உரித்துக்கொண்டே கேட்டேன். பதினைந்து நாளில் எத்தனை தரம் கேட்டேன் என்று தெரியாது, மொச்சையே இரண்டு படி தீர்ந்தது. அதனால் அந்த வேலை என்ன என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

“அத்த, ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு புரோகிராம் இருக்குது,” என்று ஆரம்பிப்பாள். “ஒண்ணுகிட்ட சூளையோட சூடு எவ்ளோன்னு இருக்குது. இன்னொண்ணு அதைக் கேக்கணும். வெப்சைட்டுல எப்படிக் கேப்போமோ அதே மாதிரிதான் கேக்கும், அதே மாதிரிதான் பதில் வரும். ஆனா நெட்டுக்குப் போவாது. போர்ட் நம்பரு கெடையாது. உள்ளுக்குள்ளயே ஒரு ஃபைலு இருக்கும். அந்த ஃபைலுதான் வாசல். அதுக்கு சாக்கெட்டுன்னு பேரு.”

“ஜன்னல்னு சொல்லு,” என்றேன்.

ஜன்னல் என்று நான் சொன்னது சும்மா இல்லை. எங்கள் கம்பெனியில் கப்பு துடைக்கிற அறைக்கும் சூளைக் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜன்னல் விட்டிருந்தார்கள், கதவு கிடையாது. துடைத்த கப்புகளைப் பலகையில் அடுக்கி ஜன்னல் திட்டில் வைத்தால், அந்தப் பக்கத்து ஆள் வாங்கிச் சூளைக்குக் கொண்டு போவார். அந்த ஜன்னல் இல்லையென்றால் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கி, சுற்றிக்கொண்டு பின்கேட்டுக்குப் போக வேண்டும். சுடாத கப்பு அவ்வளவு தூரம் தாங்காது.

“பக்கத்துல இருக்கறவங்கள கேக்கறதுக்கு எதுக்கு ரோட்டுக்குப் போவணும்?” என்றேன்.

“இதையேதான் அத்த அவங்களும் கேப்பாங்க. ஏன் நெட்டு வழியா போவலன்னு.”

“இன்னா சொல்லுவ?”

“வேகம்னு சொல்லுவேன். வெளியாளு யாரும் உள்ள நொழைய முடியாதுன்னு சொல்லுவேன். அந்த ஃபைலு யாரோடதோ, அவங்க விட்டாத்தான் உண்டு.”

“சரிதான். எந்த பாஷையில எழுதற?”

“கோ.”

“அப்படின்னா?”

“போ.”

நான் உரிக்கிறதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

“ஐயோ, உங்களச் சொல்லல அத்த. பாஷையோட பேரே அதுதான்.”

“போங்கன்னு வச்சிருந்தா இன்னா கொறஞ்சா போயிடும்?” என்றேன். அவள் சிரித்தாள். அந்த மூன்று வருஷத்தில் அவள் சிரித்ததை நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் சீக்கிரம் எண்ணி முடித்திருக்கலாம்.

எனக்குப் பிடித்த பகுதி விலாசம். அந்த ஜன்னல் ஃபைல் வழியாகத்தான் கேள்வி போகிறது என்று சொல்லியாகிவிட்டது. இருந்தாலும், கேள்வியை அனுப்பும்போது எந்த ஊருக்கு என்று ஒரு பேரை எழுதத்தான் வேண்டுமாம். எழுதாவிட்டால் அனுப்ப விடாதாம்.

“ஜன்னல்ல குடுக்கறதுக்கு ஊரு எதுக்கு?”

“எதுக்குமில்ல. யாரும் அந்தப் பேரைப் பாத்துப் போறதில்ல. ஆனா எழுதணும்.”

இது எனக்கு வினோதமாகப் படவில்லை. கல்யாணப் பத்திரிகையை எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கையில்தான் கொடுக்கிறோம். ஆனாலும் கவரின் மேல் பேரும் ஊரும் எழுதாமல் கொடுத்தால், வெறுங்கவரை நீட்டினார்கள் என்று பத்து வருஷம் பேசுவார்கள். யாரும் படிப்பதில்லை, எழுதத்தான் வேண்டும்.

“நீ எந்த ஊரு எழுதியிருக்கற?”

“லோக்கல்ஹோஸ்ட்.”

“அது எங்க இருக்குது?”

“எங்கயும் இல்ல. சும்மா பேரு.”

“இல்லாத ஊர எழுதறதுக்கு இருக்கற ஊர எழுதறது. கருவேப்பிலங்குறிச்சின்னு போடு.”

அது நான் பிறந்த ஊர். அவளுக்கு நல்லூர்ப் பக்கம்.

“ஏன், நல்லூருன்னு போட்டா ஆவாதா? நாலே எழுத்து. உங்க ஊர டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள சிங்கப்பூர்க்காரன் போனை வச்சிட்டுப் போயிடுவான்,” என்றாள்.

சூளையின் சூட்டை நான்தான் சொன்னேன். உண்மையான சூளை எதுவும் அதில் இல்லை, காட்டுவதற்கு ஓர் எண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆயிரத்து இருநூற்று நாற்பது என்றேன். அவள் ஒரு வரி தட்டினால் கேள்வி போகும், கண் மூடித் திறக்குமுன் 1240 என்று திரையில் பதில் வந்து நிற்கும். இங்கிலீஷ் எழுத்துக்களுக்கு நடுவில் அது ஒன்றைத்தான் நான் படிப்பேன். அது வந்தால் நல்லபடி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் எதையும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, தொழில் சாமானைத் தொடக் கூடாது. எல்லாம் பலகையில் ஏறிவிடும். நான் வேலைக்குப் போன காலத்தில் பிசிறு எடுக்கிற கத்தியும் ஸ்பாஞ்சும் வைப்பேன், இப்போதும் வைக்கிறேன். காலையில் மருமகள், “அத்த, நாளைக்குப் பத்தரைக்கு அவங்க கூப்பிடுவாங்க. இன்னிக்கு ஒரு தரம், ஒரே ஒரு தரம் ஓட்டிப் பாத்துட்டுக் குடுக்கறேன்,” என்றாள்.

“சரஸ்வதிய பட்டினி போட்டுட்டு நீ மட்டும் பாஸாயிடுவியா?” என்றேன்.

மூடியை மூடிக் கொண்டுவந்து வைத்தாள். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மேலே என் பட்டுத் துண்டைப் போர்த்தினேன். பொரி, கடலை, சுண்டல் வைத்துப் படைத்தோம். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கொஞ்சம் அதிக நேரமாகத்தான் கும்பிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு அவள் கடைத்தெருவுக்குப் போனாள். நான் பூஜைப் பலகைக்கு எதிரில் கொஞ்சம் கண் அயரலாம் என்று படுத்தேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. சின்னதாக, மூச்சு விடுகிற மாதிரி. பட்டுத் துண்டில் கை வைத்தேன், சூடாக இருந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் பச்சை விளக்கு எரிகிறது.

நான் புத்தகத்தை மூடி வைத்தால் அது மூடித்தான் இருக்கும். கத்தியை வைத்தால் கத்தி சும்மா கிடக்கும். பூஜையில் வைத்த சாமான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது ஓய்வில் இல்லை, வேலையில் இருக்கிறது. மகன் இந்தக் கம்ப்யூட்டர் அசையாமல் நின்ற ஒரு நாள், ஓரத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்ததைப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தேன், பொத்தானை அமுக்கினேன், விளக்கு அணைந்து சத்தம் அடங்குகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. மூடிவிட்டு, கலைந்த சந்தனத்தைச் சரி செய்து, துண்டைப் போர்த்திவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் விஜயதசமி. எட்டு மணிக்கு மறுபூஜை முடித்துச் சாமான்களை எடுத்தோம். மருமகள் குளித்து நல்ல புடவை கட்டியிருந்தாள். மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். திரை கருப்பாகவே இருந்தது.

“அத்த, இதை யாராச்சும் தொட்டீங்களா?”

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்தி கேட்கிறாள். யாராச்சும் என்றால் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை.

“பூஜையில வச்சத யாரு தொடுவாங்க?” என்றேன்.

இது பொய் இல்லை. கேள்வி.

“அப்ப அப்டேட்டு போட்டுகிட்டு தானா அணைஞ்சி கெடக்குது. சனியன்,” என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அமுக்கி எழுப்பி ஓட்டினாள். 1240 வரவில்லை. சிவப்பில் ஒரு வரி வந்தது. மறுபடி ஓட்டினாள், அதே வரி. அவள் முகத்தில் இரத்தம் வற்றுவதை நான் அதற்கு முன் ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன், நான் விழுந்து கிடந்ததைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அன்றைக்கு.

“இன்னா சொல்லுது?”

“எடத்துல ஏற்கெனவே ஆளு இருக்குதாம். யாரும் இல்ல அத்த! எல்லாத்தையும் பாத்துட்டேன். எந்த புரோகிராமும் ஓடல. இல்லாத ஆளை இருக்குதுங்குது. அந்த அப்டேட்டு எதையோ மாத்தி வச்சிருக்குது.”

மணி எட்டே முக்கால். அந்த அப்டேட் எதை மாற்றியது என்று தேட ஆரம்பித்தாள். எதையோ எடுத்தாள், எதையோ போட்டாள், நன்றாக இருந்த வரிகளையும் மாற்றினாள். ஒன்பதே கால் ஆயிற்று. நகத்தைக் கடித்தாள். நெட்டு வழியாகவே போகிற மாதிரி மாற்றிவிடட்டுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அது கூடாது, உள்ளுக்குள்ளேதான் கேட்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கொடுத்த வேலையே என்று அவளே பதிலும் சொன்னாள்.

“மூணு வருஷம் தொடாம இருந்தா இப்படித்தான். எனக்கு மறந்துபோச்சு. அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்,” என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்ன அந்தச் சிவப்பு வரி என் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. இடத்தில் ஆள் இருக்கிறது என்கிறது, ஆள் இல்லை. இது எனக்குப் பழக்கமான விஷயம்.

எங்கள் கம்பெனி ஜன்னலில் ஒரு வழக்கம் உண்டு. திட்டில் ஒருத்தி பலகை வைத்திருந்தால் இன்னொருத்தி அதைத் தொட மாட்டாள். வைத்தவள் கையால் கொடுக்காமல் சூளைக்காரரும் தொட மாட்டார், கப்புகளை இறக்கிக்கொண்டு வெறும் பலகையை அவளிடமே திருப்பித் தருவார். சுடாத கப்பு, நகர்த்தினால் விரியும். விரிந்தால் பழி நகர்த்தினவள் மேல். அவள் வந்து எடுக்கட்டும் என்று பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்போம். ஒழுங்காக வேலை முடித்துப் போகிறவள் பலகையை எடுத்துவிட்டுத்தான் போவாள். ஆனால் ஒரு நாள் ஒருத்திக்கு வீட்டில் ஏதோ அவசரம் என்று ஆள் வந்து, நின்ற இடத்திலிருந்தே கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பலகை திட்டில். ஆள் பஸ்ஸில். நாங்கள் ஏழு பேர் பலகையோடு நிற்கிறோம், அந்தப் பக்கம் சூளைக்காரர் கத்துகிறார். இடத்தில் ஆள் இருக்கிறது என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதை யோசித்த உடனே, இங்கே நின்ற இடத்திலிருந்து ஆளைப் பிடித்து அனுப்பியது யார் என்பதும் யோசனைக்கு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

மணி ஒன்பதரை தாண்டியது. இந்த வயதில் மருமகளிடம் போய் நான்தான் செய்தேன் என்று சொல்வதற்கு நான் பழகியவள் இல்லை. என் மாமியாரிடமே சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தேன். அப்டேட் பழியை ஏற்றுக்கொள்ளும். அவள் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்வாள். பிறகு பழையபடி என் மாத்திரையை எடுத்து வைப்பாள். அப்படியே இன்னும் எத்தனை வருஷமோ. எனக்கு உடம்பு வேறு நன்றாக இருந்தது.

“ஏம்மா,” என்றேன். “எங்க கம்பெனியில ஒரு நாளு ஒருத்தி பலகைய ஜன்னல்ல வச்சிட்டு...”

“அத்த, உங்க கால்ல வுழறேன். இப்ப கதை வேணாம்.”

“கதை இல்ல. பலகை இருந்துது, ஆளு இல்ல. ஆளு இருக்கறான்னு நெனச்சிகிட்டு எல்லாரும் நின்னோம்.”

அவள் திரும்பவில்லை. ஆனால் விரல் நின்றது.

“ஒழுங்கா வேலைய முடிச்சிட்டுப் போனவளா இருந்தா பலகைய எடுத்துனு போயிருப்பா,” என்றேன். “இவ போவல. இவள இழுத்துனு போனாங்க.”

“அப்டேட்டு போட்டா ஒழுங்காத்தானே மூடிட்டு அணையும்...” என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். “யாரு அத்த இழுத்தாங்க?”

“பச்சை விளக்கு எரிஞ்சிது. மூச்சு வுட்டுச்சு. பூஜையில இருக்கற சாமான் மூச்சு வுடுமா?”

“யாரு அத்த?”

“நாந்தான்.”

அவள் மணியைப் பார்த்தாள்.

“எவ்ளோ நேரம் அமுக்கினீங்க?”

“அடங்கற வரைக்கும்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று இருந்தேன். பதில் கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் திரும்பி ஒரே ஒரு வரி தட்டினாள். அந்த ஜன்னல் ஃபைல் இருக்கிறதே, புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் தானே அதை எடுத்துவிடுமாம். திடீரென்று உயிர் போனால் ஃபைல் அங்கேயே கிடக்குமாம். அடுத்து வருகிற புரோகிராம் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்று நின்றுவிடுமாம். பழைய ஃபைலை எடுத்துப் போட்டாள். கலைத்துப்போட்ட வரிகளை எல்லாம் பழையபடி ஆக்கினாள். ஓட்டினாள்.

1240.

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் காபி போடப் போனேன். நான் அடுப்படியில் இருக்கும்போது அவள் கேட்டாள்:

“அத்த, அந்தப் பலகைய கடைசியில இன்னா பண்ணீங்க?”

“மூணு தரம் கூப்புட்டோம். யாரு பலகை, யாரு பலகைன்னு. பதிலு வரல. எடுத்து ஓரமா வச்சோம்.”

“கூப்புடாம எடுத்திருந்தா?”

“ஆளு ஒதுங்கப் போயிருந்து திரும்பி வந்தா? கையில கத்தி வச்சிருக்கறவகிட்ட யாரு பேச்சு வாங்கறது?”

அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். முதலில் அவள், புரோகிராம் எழுந்த உடனே பழைய ஃபைலை எடுத்து எறிந்துவிடு என்றுதான் எழுதினாளாம். பிறகு அதை அழித்துவிட்டு, முதலில் ஜன்னலில் கூப்பிட்டுப் பார், பதில் வந்தால் தொடாதே, வராவிட்டால் மட்டும் எடு என்று எழுதினாளாம். நாலைந்து வரி. காபி ஆறுவதற்குள் எழுதிவிட்டாள்.

அதற்குள் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

“ஏம்மா, மூடி வச்சா தூங்கிடும்னு எங்கிட்ட நீதானே சொன்ன? அப்புறம் எப்படி மூச்சு வுட்டுச்சு?”

அவள் காபியைக் குடித்தாள். நிறைய நேரம் குடித்தாள்.

“மூடினாலும் ஓடற மாதிரி வச்சிருந்தேன். ஒரு நாளு முழுக்க நிக்காம ஓடுதான்னு பாக்கணும்னு. நீங்க வுட மாட்டீங்கன்னு...”

“சரஸ்வதி பூஜையன்னிக்கு ஓடவுட்டு, அது தலையில என் கையாலயே பொட்டு வைக்க வச்சியா?”

“தப்புதான் அத்த.”

“அதான் கண்ண மூடினு அவ்ளோ நேரம் கும்புட்டியா?”

“சாமிகிட்ட மொதல்லயே மன்னிப்பு கேட்டுட்டேன். உங்ககிட்டதான் கேக்கல.”

என் குற்றம் எந்த அளவோ அதே அளவுக்கு அவளுடையதும் இருந்தது. எனக்கு நெஞ்சு லேசாயிற்று.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். அவள் அறைக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பூஜைப் பொரி ஒரு கை எடுத்திருந்தேன். மென்றால் உள்ளே கேட்கும் என்று வாயிலேயே ஊறவைத்து விழுங்கினேன். உள்ளே ஒரு ஆம்பிளைக் குரலும் ஒரு பொம்பிளைக் குரலும் மாறி மாறிக் கேள்வி கேட்டன. அவள் பேசினாள். ஆரம்பத்தில் தடுக்கியது. அவள் பேசுவது இங்கிலீஷ் என்றாலும் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் மூச்சு விடுகிற இடங்கள் எல்லாம் என்னிடம் பழகியவை. இங்கே ஜன்னல், இங்கே வேகம், இங்கே விலாசம்.

அதற்குப் பிறகு அந்தப் பொம்பிளை நீளமாக ஏதோ கேட்டாள். இது பழகாத கேள்வி. மருமகள் பேசினாள், தடுக்காமல். நடுவில் ‘மதர்-இன்-லா’ என்று காதில் விழுந்தது. அது மாமியார் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் சிரித்தார்கள்.

என் வாயில் பொரி அப்படியே இருந்தது.

அவள் வெளியே வந்ததும், “மாமியார்னு இன்னாத்தயோ சொன்னியே,” என்றேன்.

“புரோகிராம் திடீர்னு செத்துப்போனா இன்னா ஆவும்னு கேட்டாங்க. நேத்து செத்துச்சு, எங்க மாமியார்தான் அமுக்கினாங்கன்னு சொன்னேன். பொறவு இன்னா பண்ணேன்னு கேட்டாங்க. கூப்புட்டுப் பாத்துட்டுத்தான் எடுக்கணும்னு எழுதினேன்னு காட்டினேன். மெனக்கெட்டு இப்படி யோசிக்கறவங்க கம்மின்னு சொன்னாங்க.”

“யாரு யோசிச்சதுன்னு சொன்னியா?”

“அது கேக்கல,” என்றாள்.

நான்கு நாள் கழித்து வேலை கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. நடுவில் என்ன செய்தாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. காலை ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுகிறாள், அவர்கள் ஊரில் அப்போது பொழுது ஏறிவிடுமாம். என் மாத்திரையை நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தரம் மறந்துபோனேன், அவளிடம் சொல்லவில்லை.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று மகனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. நான் கொடுத்தது தகவல்.

முதல் நாள் வேலைக்கு உட்காரும் முன் அவள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அந்தப் பழைய சூளைப் புரோகிராம். கேள்வி அனுப்புகிற வரியில், விலாசம் இருக்கும் இடத்தில், முன்னால் இருந்த சின்னப் பேரைக் காணோம். அங்கே இங்கிலீஷ் எழுத்துக்கள் ஒரு முழத்துக்கு நீண்டு கிடந்தன.

“இன்னாது இது?”

“கருவேப்பிலங்குறிச்சி.”

ஓட்டிக் காட்டினாள். இத்தனை நீளப் பேருக்கும் 1240 அதே வேகத்தில்தான் வந்தது. அந்தப் பேரை யாரும் பார்ப்பதில்லை, உள்ளே படிக்கிற ஆளும் இல்லை, ஜன்னல் வழியாகத்தான் எல்லாம் போகிறது. இது எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர்ப் பேர் இல்லாமல் ஒரு கேள்வி கூட அங்கிருந்து கிளம்ப முடியாது.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டரை அவளே அணைத்து, விளக்கு எரியவில்லை என்று என்னிடம் காட்டிவிட்டுப் பலகையில் வைத்தாள். நான் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தேன். துண்டு போர்த்துமுன் ஒரு தரம் அதன் மேல் காதை வைத்துக் கேட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.